சூடு பட்ட ரெசின்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொடங்கி ஆரம்பாக்கம், தடா, வரதய்யபாளையம், சத்தியவேடு வரைக்கும் பாய்லர் வைத்திருக்கிற எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் ஒரு மூலையில் தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னரோ, கரைந்த உப்புகளையெல்லாம் எடுக்கும் டிஎம் பிளான்ட்டோ நிற்கும். இரண்டிலும் அந்த வேலையைச் செய்வது ரெசின் என்கிற சின்னச் சின்ன மணிகள். கத்திரி தொடங்கியதும் அங்கிருந்தெல்லாம் ஒரே மாதிரி போன் வரும்: "சார், ரெசின் போச்சு." போய்ப் பார்த்தால் பல இடங்களில் ரெசின் நன்றாகத்தான் இருக்கும். நிஜமாகவே போயிருந்தாலும், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது ரெசினைக் கொட்டினால் அடுத்த கோடைக்குள் அதுவும் அதே வழியில் போகும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுக்கும் முன் வெப்பமானியை எடுங்கள். ரெசினின் ஆயுளைத் தின்பதில் சூட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் நம் பக்கத்து லாக் புக்குகளில் அதற்குத்தான் கட்டமே கிடையாது.

நான்கு இடங்களில் பாருங்கள்: உள்ளே வரும் தண்ணீர், வெளியே போகும் தண்ணீர், கரைத்து வைத்த காஸ்டிக் (காஸ்டிக் சோடா) தொட்டி, பிளான்ட் நிற்கும்போது பாத்திரத்தின் வெளிச்சுவர். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை. கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியும் வெயிலில் ஓடும் பைப்பும் இருக்கிற இடத்தில் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

எந்த ரெசின் எவ்வளவு தாங்கும்

சாஃப்ட்னரில் இருக்கும் கேட்டயான் ரெசின் (கால்சியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடிப்பது), அதாவது ஸ்டைரீன்-டைவினைல்பென்சீன் மணியில் சல்போனிக் தொகுதி ஏற்றியது, சூட்டுக்கு லேசில் அசையாது. சோடியம் வடிவத்தில் 120 டிகிரி வரை தாங்கும். குளோரைடு, சல்பேட் போன்ற எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் அனயான் ரெசின்தான் நோஞ்சான். அதிலும் அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லை மாறும். டைப் 1 அனயான் குளோரைடு வடிவத்தில் 80 டிகிரி வரை பயமில்லை; காஸ்டிக் கொடுத்து ரீஜெனரேஷன் (தீர்ந்த ரெசினைப் புதுப்பிப்பது) முடிந்து ஓஎச் (ஹைட்ராக்சைடு) வடிவத்துக்கு வந்துவிட்டால் 60 டிகிரிதான். டைப் 2 அனயானும் அக்ரிலிக் அனயானும் ஓஎச் வடிவத்தில் சுமார் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

இந்த 35-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மே மாத மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரே அதைத் தாண்டிவிடும். குளிர் நாட்டில் டைப் 2 நல்ல ரெசின்தான். காஸ்டிக் குறைவாகக் கேட்கும், கொள்ளளவும் அதிகம். அந்த இரண்டு காரணத்தையும் சொல்லித்தான் இங்கேயும் விற்கிறார்கள். தடாவுக்கு வடக்கே திறந்த வெளியில் நிற்கும் பிளான்ட்டுக்கு டைப் 2 வாங்குவது என்னைக் கேட்டால் வீண் சிக்கனம்.

இன்னொன்றும் உண்டு. பிளான்ட்டில் முதலில் சூடு தாங்காமல் போவது ரெசினாக இல்லாமலும் இருக்கலாம். எஃப்ஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) பாத்திரங்களுக்குப் பொதுவாக எல்லை 49 டிகிரி. மேலே மாட்டும் மல்டிபோர்ட் வால்வுகள் பலவற்றுக்கு 43 தான். பிவிசி பைப் 60-ல் தளரும். ஆக, "ரெசின் 120 தாங்கும்" என்று விளம்பரத் தாளில் படித்துவிட்டு சாஃப்ட்னருக்குள் சுடுதண்ணீர் விட்டால் ரெசின் அப்படியே இருக்கும், அதைச் சுற்றி இருப்பதெல்லாம் வளைந்து போகும்.

அனயான் பாத்திரத்தைத் திறந்தால் கருவாட்டு வாடை

பழவேற்காடு ஏரி பக்கத்தில் இருப்பதால் இந்த அறிகுறியை நம் ஆட்கள் ரொம்ப நாள் கவனிக்காமலே விடுவார்கள். ஆரம்பாக்கம் சாலையோரத்தில் மீன், நண்டு விற்கிறார்கள், காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, அவ்வளவுதான் என்று நினைப்பு. சூலூர்ப்பேட்டைப் பக்கத்து ஆபரேட்டர் ஒருவர், "சேப்ப வாசன வஸ்துந்தி சார், டீகாசர் பக்கத்துல" (கரியமில வாயுவை வெளியேற்றும் டவர் பக்கத்தில் மீன் வாசனை வருகிறது) என்று சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் மூக்குத்தான் சரி.

அந்த வாடை டிரைமெத்தில் அமீன். அழுகும் மீனில் வரும் அதே பொருள். டைப் 1 அனயான் மணியின் மேல் ஒட்டியிருக்கும் தொகுதி இந்த அமீனிலிருந்து செய்ததுதான். ஓஎச் வடிவத்தில் இருக்கும்போது சூடு ஏறினால் அந்தத் தொகுதி இரண்டு விதமாகச் சிதையும். ஒன்று, அமீன் முழுசாகக் கழன்று தண்ணீரோடு போய்விடும். அந்த இடம் காலி. இன்னொன்று, ஒரு மெத்தில் மட்டும் மெத்தனாலாகப் பிரிந்து போகும்; வலுவான தொகுதி பலவீனமான தொகுதியாகத் தங்கிவிடும். முதல் வகையில் வாடை வரும், இரண்டாவது வகையில் சத்தமே இருக்காது. 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைச் சிதைவை வேதியியல்காரர்கள் ஹாஃப்மன் சிதைவு என்பார்கள்.

செய்ய வேண்டியது: முதலில் ரெசின் புதுசா என்று பாருங்கள். புது அனயான் ரெசினில் முதல் சில ஓட்டங்களுக்கு லேசாக இந்த வாடை இருப்பது சகஜம். நன்றாக ரின்ஸ் செய்தால் போய்விடும். ஓராண்டுக்கு மேல் ஓடிய ரெசினில் புதிதாக வாடை வந்தால் காஸ்டிக் தொட்டிக்குப் போங்கள்.

பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். காஸ்டிக் செதில்களைக் கொட்டி, கோலால் கலக்கி, சூடு ஆறுவதற்குள் பம்ப்பைப் போட்டுவிடுவார்கள். காஸ்டிக் கரையும்போது சூட்டை வெளியே தள்ளும். 4 சதவீதக் கரைசலாகக் கரைத்தாலே தண்ணீர் சுமார் 10 டிகிரி ஏறும். தொட்டித் தண்ணீர் 34 என்றால் கரைசல் 44. டைப் 2 ரெசினுக்கு அது அப்போதே எல்லை மீறல். 40 சதவீதமாகக் கெட்டியாகக் கரைத்து, எஜெக்டரில் (ஓடும் தண்ணீரால் கரைசலை இழுத்துக் கலக்கும் கருவி) நீர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற இடத்தில் தொட்டி கொதிநிலையை நெருங்கும். எஜெக்டரில் தண்ணீர் அழுத்தம் ஒரு நிமிடம் குறைந்தாலும் அந்தச் சூடும் கெட்டியும் நேரே ரெசின் மேல் இறங்கும். முதல் நாள் மாலையே கரைத்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வெப்பமானி வைத்துப் பார்த்து அப்புறம் ஏற்றுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

காஸ்டிக் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் சும்மா நிற்கும் பாத்திரம். சனிக்கிழமை மாலை ரீஜெனரேஷன் முடித்து, திங்கள் காலை வரை வெயிலில் நிறுத்தி வைப்பது பலருக்குப் பழக்கம். "தயாரா இருக்கட்டும்" என்பார்கள். ஓஎச் வடிவம்தான் ரெசின் மிகப் பலவீனமாக இருக்கும் நிலை. அந்த நிலையில் ஞாயிறு முழுக்க வேக வைப்பதைவிட, தீர்ந்த நிலையிலேயே நிறுத்தி, திங்கள் காலையில் ரீஜெனரேஷன் செய்வது மேல். பொங்கல், தீபாவளி போல நீண்ட விடுமுறை என்றால் அனயானை 10 சதவீத உப்புக் கரைசலில் நிறுத்துங்கள். குளோரைடு வடிவத்துக்கு வந்துவிடும், பாசியும் பிடிக்காது. மேலே ஒரு கூரை போட்டால் இன்னும் நல்லது.

கண்டக்டிவிட்டி பிரமாதம், சிலிக்கா மட்டும் தாண்டுகிறது

இதுதான் ஆளை ஏமாற்றும் அறிகுறி. கண்டக்டிவிட்டி (மின்கடத்தும் திறன்) மீட்டர் அழகாகக் காட்டும், ஷிஃப்ட் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், டர்பைனைத் திறக்கும்போதுதான் இறக்கையில் வெள்ளையாகக் கல் படிந்திருப்பது தெரியும். உயர் அழுத்தப் பாய்லரில் சிலிக்கா நீராவியிலேயே கரைந்து போகும் என்பதால் டர்பைன் வைத்திருப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்க முடியாது.

மேலே சொன்ன இரண்டாவது வகைச் சிதைவுதான் இங்கே குற்றவாளி. பலவீனமான தொகுதிக்கு ஹைட்ரோகுளோரிக், கந்தக அமிலம் போன்ற வலுவான அமிலங்களைப் பிடிக்கத் தெரியும். சிலிக்காவையும் கரியமில வாயுவையும் பிடிக்கத் தெரியாது. ஆக, குளோரைடும் சல்பேட்டும் முழுசாக நிற்கும், கண்டக்டிவிட்டி அசையாது, சிலிக்கா மட்டும் ஓட்டம் முடிவதற்கு வெகு முன்பே எட்டிப் பார்க்கும். சிலிக்கா கண்டக்டிவிட்டியை ஏற்றவே ஏற்றாது என்பதால் மீட்டரைக் குறை சொல்லியும் பயனில்லை. சிலிக்காவை மாலிப்டேட் முறையில் தனியாகத்தான் பார்க்க வேண்டும், அதுவும் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில்.

சிதைவு என்று முடிவு கட்டும் முன் மூன்று விஷயங்களைத் தள்ளி வையுங்கள். காஸ்டிக் குளிர்ந்து போய்க் கொடுக்கிறீர்களா? டைப் 1 ரெசினில் சிலிக்காவைக் கழற்ற 45 முதல் 50 டிகிரி சூட்டில் காஸ்டிக் கொடுப்பது நல்லது. கார்த்திகை, மார்கழியில் ஹீட்டர் பழுதானால் சிலிக்கா ரெசினிலேயே தங்கிவிடும். அடுத்த ஓட்டத்தில் கசியும். இரண்டாவது, உள்ளே வரும் தண்ணீர் சூடாக இருந்தால் நல்ல ரெசினில்கூட சிலிக்காக் கசிவு கொஞ்சம் ஏறும். காலையில் சரி, மதியம் மோசம், இரவில் மறுபடி சரி என்றால் ரெசின் சாகவில்லை, தண்ணீர் சூடாகிறது. மூன்றாவது, டீகாசர் டவரின் ஊதுவான் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். அது நின்றால் கரியமில வாயு முழுதும் அனயான் தலையில் விழும்.

சூடான காஸ்டிக் நல்லது என்று இங்கே சொல்கிறேன், கெட்டது என்று மேலே சொன்னேன். இரண்டும் உண்மைதான். டைப் 1-க்கு 50 டிகிரி மருந்து, டைப் 2-க்கு அதுவே விஷம். உங்கள் பாத்திரத்தில் எது கிடக்கிறது என்று தெரியாமல் ஹீட்டரைத் தொடாதீர்கள். பழைய ஆள் போய்ப் புது ஆள் வந்த இடங்களில் இது நிஜமாகவே யாருக்கும் தெரியாமல் இருக்கும். பர்ச்சேஸ் ஃபைலில் இன்வாய்ஸைத் தேடி எடுங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் சிலிக்கா முந்தி வந்தால் ரெசினை லேபுக்கு அனுப்பி, மொத்தக் கொள்ளளவு எவ்வளவு, அதில் உப்பைப் பிளக்கும் வலுவான பகுதி எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். மொத்தம் அதிகம் குறையாமல் வலுவான பகுதி மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அது சூட்டு வேலை. இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் அமீனே கழன்றிருக்கிறது, அல்லது ரெசினில் அழுக்கு ஏறியிருக்கிறது.

ரின்ஸ் முடியவே மாட்டேன் என்கிறது

முன்பு அரை மணியில் முடிந்தது இப்போது இரண்டு மணி இழுக்கிறது என்றால் அனயானில் கரிமப் பொருள் ஏறியிருக்கிறது என்று முதலில் எண்ணலாம். ஏரித் தண்ணீர், மழைக்காலத்துப் பழுப்புத் தண்ணீர் எடுக்கும் இடங்களில் இது வரும். அந்த அமிலங்கள் மணிக்குள் சிக்கிக்கொண்டு காஸ்டிக்கிலுள்ள சோடியத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். 10 சதவீத உப்பும் 1 முதல் 2 சதவீதக் காஸ்டிக்கும் கலந்து ஊற வைத்துக் கழுவினால் காப்பி நிறத்தில் வெளியே வரும். டைப் 1 என்றால் 50 டிகிரியில், டைப் 2 அல்லது அக்ரிலிக் என்றால் 35-க்கு மேல் போகாமல்.

போர் தண்ணீர் மட்டுமே எடுக்கிறீர்கள், ஆனாலும் இதே தொல்லை என்றால் பக்கத்துக் கேட்டயான் பாத்திரத்தைச் சந்தேகியுங்கள். குளோரினில் சிதைந்த கேட்டயான் மணிகள் விடும் சல்போனேட் துண்டுகள் நேரே அனயானில் போய் ஒட்டிக்கொள்ளும். குற்றம் ஒரு பாத்திரத்தில், அறிகுறி இன்னொன்றில்.

இந்த இடத்தில் பிஎச் ஒரு குறுக்குவழி. அனயானுக்குப் பின் கண்டக்டிவிட்டி ஏறி பிஎச்சும் 9-க்கு மேல் போனால் கேட்டயானிலிருந்து சோடியம் கசிகிறது. கண்டக்டிவிட்டி ஏறி பிஎச் கீழே இறங்கினால் அனயான் தீர்ந்துவிட்டது.

சாஃப்ட்னரில் கடினத்தன்மை நிற்கவில்லை

ஐந்து நிமிட வேலையிலேயே பாதித் தீர்ப்பு கிடைக்கும். ரீஜெனரேஷன் முடிந்து சர்வீஸில் போட்டதும் முதல் பத்து நிமிடத்தில் ஒரு சாம்பிள், ஓட்டத்தின் நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று எடுங்கள். பஃபர் சொட்டு, எரியோக்ரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை. உடனே நீலமாக நின்றால் கடினத்தன்மை இல்லை. ஒயின் சிவப்பாக வந்தால் ஈடிடிஏ சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு போய் ஊதா வழியாகச் சுத்த நீலம் வரும் வரை எண்ணுங்கள். கடைசிச் சொட்டுக்கு முன் சற்று நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். ஊதாவிலேயே "ஆச்சு" என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

முதல் சாம்பிள் நீலம், ஓட்டம் சீக்கிரம் முடிகிறது என்றால் கொள்ளளவுக் கணக்கு இடிக்கிறது. 100 லிட்டர் ரெசின், லிட்டருக்கு 150 கிராம் வீதம் 15 கிலோ உப்பு கொடுத்தால் ஒரு லிட்டர் ரெசின் சுமார் 55 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும்; மொத்தம் 5,500 கிராம். போர் தண்ணீரில் 400 பிபிஎம் என்றால் 13,750 லிட்டர் ஓடும். அன்றைக்கு டேங்கர் லாரித் தண்ணீர் 600 பிபிஎம்மோடு வந்தால் 9,100 லிட்டர்தான். ரெசின் அதேதான், தண்ணீர்தான் மாறியிருக்கிறது. கோடையில் போர் வற்றி டேங்கர் நம்பி ஓடும் இடத்தில் ஒவ்வொரு லாரிக்கும் டெஸ்ட் போடாமல் ரெசினைக் குறை சொல்ல முடியாது.

முதல் சாம்பிளிலேயே கொஞ்சம் சிவப்பு, ஓட்டம் முழுக்க அதே அளவு நிற்கிறது, எவ்வளவு உப்பு கொட்டினாலும் மாறவில்லை என்றால் இரண்டு வழி. கச்சாத் தண்ணீரின் டிடிஎஸ் ஏறியிருக்கலாம். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிய கதை தெரிந்ததுதான். கரையோர போர்களில் சோடியம் அதிகமாக வந்தால் அது கால்சியத்தோடு போட்டி போட்டு கடினத்தன்மையைக் கசிய விடும். டிடிஎஸ் பழையபடியே இருந்தால் வால்வு உள்ளே கசிகிறது, கடினத் தண்ணீர் ரெசினைத் தொடாமலே குறுக்கே போய் நல்ல தண்ணீரோடு கலக்கிறது. வால்வு ஏன் கசிகிறது என்று கேட்டால் பல நேரம் சுடுதண்ணீரில் போய் முடியும்.

காலையில் பம்ப் போடும் முன் சாஃப்ட்னர் வெளிப்பைப்பில் கை வையுங்கள். சூடாக இருந்தால் விஷயம் பிடிபட்டுவிட்டது. பாய்லர் ஃபீட் டேங்க் மேலே ஸ்டாண்டில் நிற்கும். கன்டன்சேட் (குளிர்ந்து தண்ணீரான நீராவி) திரும்பி வந்து அதில் 85, 90 டிகிரி இருக்கும். சாஃப்ட்னரிலிருந்து வரும் பைப் டேங்க்குக்குள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே முங்கியிருக்கும். இடையிலுள்ள என்ஆர்வியில் (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) துருவோ கல்லோ மாட்டினால் இரவு முழுக்க வெந்நீர் மெல்லப் பின்வாங்கி சாஃப்ட்னருக்குள் இறங்கும். சோடியம் வடிவ ரெசினுக்கு ஒன்றும் ஆகாது. மல்டிபோர்ட்டின் உள் தட்டும் சீல்களும் கோணும், அடியில் மணிகளைத் தடுத்து நிறுத்தும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஸ்ட்ரெய்னர் வளையும்.

என்ஆர்வியை மாற்றுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். பைப்பை டேங்க்கின் மேலிருந்து இறக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே காற்று இடைவெளி விட்டு முடியுங்கள். அப்புறம் என்ஆர்வி செத்தாலும் வெந்நீர் திரும்ப வழியில்லை.

ஃபீட் டேங்க் அடியில் பழுப்பு மணிகள்

இதைக் கண்டால் அன்றைக்கே பாய்லருக்குப் போகும் தண்ணீரை நிறுத்தி டேங்க்கைக் கழுவுங்கள். மேலே சொன்ன வளைந்த ஸ்ட்ரெய்னர் வழியாகத்தான் மணிகள் வருகின்றன. பாய்லருக்குள் போனால் அந்தச் சூட்டில் சல்போனிக் தொகுதி பிய்ந்து கந்தக அமிலமாகும். பாய்லர் தண்ணீரின் பிஎச் விழும், டியூப் அரிக்கும். வெளிப்பைப்பில் ஒரு ரெசின் டிராப் (தப்பி வரும் மணிகளைப் பிடிக்கும் வடிகட்டி) போடச் செலவு அதிகமில்லை. டியூப் மாற்றும் செலவை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை.

பிரஷர் ஏறுகிறது, மணி நசுங்குகிறது

மேல் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேட்டயான் மணியை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நல்ல மணி வழுக்கி ஓடும், அல்லது டிக் என்று உடையும். வெந்த ஜவ்வரிசி மாதிரி நசுங்கினால் மணியின் குறுக்குப் பிணைப்புகள் அறுந்துவிட்டன. காரணம் குளோரின், கூட்டாளி சூடு. தண்ணீரில் இரும்போ செம்போ கலந்திருந்தால் அவை இந்த வேலையை இன்னும் முடுக்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் குளோரின் அளவு, 40 டிகிரித் தண்ணீரில் ரெசினைச் சீக்கிரமே முடித்துவிடும். நகராட்சித் தண்ணீரோ, குளோரின் போட்ட டேங்கர் தண்ணீரோ எடுக்கிறவர்கள் கார்பன் ஃபில்டருக்குப் பின்னால் வரும் தண்ணீரில் ஓ.டி. (ஆர்த்தோ-டோலிடின்) சொட்டு போட்டுப் பாருங்கள். லேசாக மஞ்சள் தட்டினாலும் கார்பன் தீர்ந்துவிட்டது என்று பொருள். லேபில் ஈரப்பதம் பார்த்தால் உறுதியாகும்: புது ரெசினில் 45 முதல் 50 சதவீதம் இருக்கும், 60-ஐத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். நசுங்கிய மணியைச் சரி செய்ய மருந்து கிடையாது.

மணி கெட்டியாகவே இருந்து பிரஷர் மட்டும் ஏறினால் பேக்வாஷ் (கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது) போதவில்லை. இதிலும் கோடைக்கு ஒரு விளையாட்டு உண்டு. தண்ணீர் சூடானால் இளகிவிடும். 25 டிகிரியில் இருக்கும் பாகுநிலை 40 டிகிரியில் கால் பங்குக்கு மேல் குறையும். இளகிய தண்ணீரால் மணிகளை அவ்வளவு தூக்க முடியாது. டிசம்பரில் செட் செய்த அதே வால்வுத் திறப்பில் மே மாதம் பெட் குறைவாகத்தான் எழும்பும். மண்ணும் துருவும் உள்ளேயே தங்கும். சைட் கிளாஸைப் பார்த்து, கேட்டயான் பெட் பாதி உயரம் கூடுதலாக எழும்பும் வரை ஓட்டத்தைக் கூட்டுங்கள். ஐப்பசி பிறந்ததும் மறக்காமல் குறையுங்கள், இல்லாவிட்டால் ரெசின் டிரெயினில் போகும்.

துரு ஏறிச் செங்கல் நிறமான கேட்டயானை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைத்து மீட்கலாம், பாத்திரம் ரப்பர் லைனிங்கோ எஃப்ஆர்பியோ என்றால். நைட்ரிக் அமிலத்தை மட்டும் எந்த ரெசின் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். ஸ்டீலைச் சுத்தம் செய்ய வாங்கி வைத்த நைட்ரிக் கேன் ஹைட்ரோகுளோரிக் கேனுக்குப் பக்கத்திலேயே நிற்பதைப் பல ஸ்டோர்களில் பார்க்கலாம். 1976 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில், மாதக்கணக்கில் நின்றிருந்த ஒரு கேட்டயான் தம்பத்தில் அடர்ந்த நைட்ரிக் அமிலம் விட்டபோது அது வெடித்து, பக்கத்தில் நின்ற தொழிலாளி கடுமையாகக் காயப்பட்டார். நைட்ரிக், கரிம ரெசின், சூடு மூன்றும் சேர்ந்தால் அது வெடிமருந்து.

சூடாகத்தான் ஓட வேண்டும் என்கிற இடங்களில்

தண்ணீர் வேலையில் சூடு எதிரி. வேறு சில தொழில்களில் சூடு இல்லாமல் வேலை நடக்காது. அங்கே அறிகுறிகளும் தலைகீழாக வரும். சர்க்கரைப் பாகின் நிறத்தை எடுக்கும் அனயான் தம்பங்கள் 80 டிகிரி அளவில் ஓடும். ஆறினால் பாகு கெட்டியாகிப் பிரஷர் எகிறும். அனயான் எப்படித் தாங்குகிறது என்றால், அதைக் காஸ்டிக்கில் அல்ல, உப்புத் தண்ணீரில் ரீஜெனரேஷன் செய்து குளோரைடு வடிவத்திலேயே வைத்திருப்பார்கள். அதே பாகை எச் (ஹைட்ரஜன்) வடிவக் கேட்டயானில் சூடாக விட்டால் ரெசினுக்கு ஒன்றும் ஆகாது, சர்க்கரைதான் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடையும். இனிப்பு இருக்கிறது, படிகம் விழவில்லை என்று புகார் வந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

காஸ்டிக் சோடா ஆலைகளில் உப்புக் கரைசலிலிருந்து கால்சியம், மெக்னீசியத்தைச் சில பிபிபி அளவுக்கு இறக்கும் கீலேட்டிங் ரெசின் 60 டிகிரி சுற்றி ஓடும். ஆறினால் பிடிக்கும் வேகம் குறைந்து கால்சியம் கசியும், குளோரின் மிச்சம் வந்தால் ரெசினே போகும். பெட்ரோலில் கலக்கும் எம்டிபிஇ தயாரிப்பில் வலுவான அமிலக் கேட்டயானே வினையூக்கி. அதில் வினையே சூட்டைக் கக்குவதால் பெட்டின் நடுவில் எங்காவது ஒரு புள்ளி 120 டிகிரியைத் தாண்டினால் சல்போனிக் தொகுதி கழன்று, கீழே உள்ள கருவிகளில் அமில அரிப்பாகத் தெரியும். கன்டன்சேட்டைச் சுத்தம் செய்யும் மிக்ஸ்டு பெட்டில் அனயானும் இருப்பதால் 60-ஐத் தாண்டக் கூடாது. ஸ்டீம் டிராப் ஒன்று ஓட்டை விழுந்து நேரடி நீராவி கலந்தால் அந்த வரம்பு நிமிடத்தில் போய்விடும். அதைவிடச் சூடான கன்டன்சேட் என்றால் சோடியம் வடிவக் கேட்டயான் மட்டும் போட்டு, துருவையும் கடினத்தன்மையையும் எடுப்பதோடு திருப்திப்பட வேண்டும்.

1935-ல் இங்கிலாந்தில் ஆடம்ஸும் ஹோம்ஸும் முதலில் செய்த பீனால்-ஃபார்மால்டிஹைடு ரெசின்களோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சொகுசு. அமெரிக்க வேதியியலாளர் டலேலியோ ஸ்டைரீன்-டைவினைல்பென்சீன் மணிக்கு 1944-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற பிறகுதான் இந்தச் சூட்டுத் தாக்குப்பிடிப்பே வந்தது.

புது ரெசின், முதல் நாளே சரியில்லை

மூட்டை எங்கே கிடந்தது என்று கேளுங்கள். தகர ஷெட்டில் இரண்டு கோடை கிடந்த அனயான், பிரிக்கும் முன்பே கொஞ்சம் கிழடுதான். எச், ஓஎச் வடிவத்தில் கலந்து வரும் கார்ட்ரிஜ் ரெசின் என்றால் இன்னும் மோசம். 40 டிகிரிக்கு மேல் போகாத அறையில், வெயில் படாமல், மூட்டை கிழியாமல் வைக்க வேண்டும். கிழிந்து காய்ந்துவிட்டால் நேரே தண்ணீரில் கொட்டாதீர்கள். மணி ஒரேயடியாக உப்பி வெடிக்கும். 10 சதவீத உப்புக் கரைசலில் முதலில் ஊற வைத்து, பிறகு மெல்ல நீர்த்துக்கொண்டே போங்கள்.

லேபுக்கு அனுப்புவது

மேலாக ஒரு கை அள்ளி அனுப்பினால் அந்த ரிப்போர்ட் குப்பைக்குத்தான். ஒரு அங்குல பிவிசி பைப்பைப் பெட்டின் அடி வரை சொருகி, மேல், நடு, அடி மூன்றும் சேர எடுங்கள். அரை லிட்டர் போதும். தண்ணீரோடு பாட்டிலில் அடைத்து, மேலே இரண்டு வரி எழுதுங்கள்: எந்த வகை ரெசின், எத்தனை வருஷம், கடைசியாகப் பார்த்த காஸ்டிக் சூடு, தண்ணீர்ச் சூடு. அந்தக் கடைசி இரண்டும் எழுதாமல் வந்தால் லேப்காரர் என்ன கெட்டது என்று சொல்வார், ஏன் கெட்டது என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. பாட்டிலைச் சென்னை பஸ்ஸின் டிக்கியில் போட்டு அனுப்பாதீர்கள். மே மாதத்தில் அதற்குள் இருக்கும் சூட்டில் டைப் 2 சாம்பிள் வழியிலேயே மாறிவிடும். கையோடு எடுத்துப் போங்கள்.